வளரியும் வட்டத்தட்டும் - காட்டுக்குள் எறிவது எப்படி?

செமஸ்டர் லீவில் வேங்கிக்காலில் வேறு வேலை இல்லை. ஒரு நண்பன் ஃப்ரிஸ்பீ தட்டு ஒன்று வாங்கி வந்தான். மைதானத்தில் எறிந்து போரடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த புளியந்தோப்புக்குப் போனோம். கடைசி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. முதல் மரத்திலிருந்து ஆரம்பித்து, குறைந்த எறிதலில் யார் வாளியைத் தொடுகிறாரோ அவர்தான் ஜெயித்தவர்.

நான் 14 எறிதல். நண்பனின் தம்பி, எட்டாவது படிக்கிறவன், 6 எறிதல். அவமானம்தான் :)

எனக்குக் கையில் பலம் அதிகம். ஆனால் நான் எறிந்ததெல்லாம் நேராகப் போய் ஏதாவது ஒரு புளியமரத்தில் 'டொப்'. அந்தப் பையன் ஒரு தடவைகூட இருபது அடிக்கு மேல் எறியவில்லை. ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பான். எந்த இரண்டு மரத்துக்கு நடுவில் சந்து இருக்கிறதோ அதில் மட்டும் தாழ்வாக விடுவான்.

இது உண்மையிலேயே ஒரு விளையாட்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெயர் டிஸ்க் கோல்ஃப். வாம்-ஓ கம்பெனியில் ஃப்ரிஸ்பீயைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக் என்பவர், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென்று முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். வாளிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. மரங்கள் அடர்ந்த களத்துக்கு அவர்கள் சொல்லும் உத்திகள் மூன்றுதான். ஒன்று, கூடையைப் பார்க்காதே, சந்தைப் பார். இரண்டு, தூரத்துக்கு ஆசைப்படாதே, அடுத்த எறிதலுக்கு நல்ல இடத்தில் போய் விழு. மூன்று, தட்டு எந்தப் பக்கம் வளையும் என்று தெரிந்து எறி. வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறிந்தால், வேகம் குறையும்போது தட்டு இடது பக்கம் திரும்பும். அது தெரியாமல் எறிந்தால் மரம்தான்.

சரி, இது வரலாற்றுக் கட்டுரைதானே, ஃப்ரிஸ்பீ எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன். மரங்களுக்கு நடுவே வளைந்த ஒன்றைச் சுழற்றி எறியும் கலை நமக்குப் புதிது இல்லை. நம் ஊரிலிருந்து தெற்கே, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் அதற்குப் பெயர் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், புதுக்கோட்டை திவான் எழுதிக் கொடுத்த விவரம் இருக்கிறது. வளரி பிறை வடிவம். பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரம், சில சமயம் இரும்பு. ஒரு முனை கனம், மறுமுனை லேசு. லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சில தடவை சுழற்றி விட வேண்டும். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து சென்னை மியூசியத்துக்கு வந்த வளரிகளில் இரண்டு தந்தத்தால் ஆனவை!

எறிந்தால் கைக்குத் திரும்பி வருமா? இதில் பழைய குறிப்புகளே ஒத்துப்போகவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். வட்டம் அடித்துத் திரும்ப வெட்டவெளி வேண்டும். புதர்க்காட்டில் முயலையும் காட்டுக்கோழியையும் அடிக்கிறவனுக்குத் திரும்பி வருவதால் என்ன லாபம்? அவனுக்குத் தேவை, சந்து பார்த்துத் தாழ்வாக விடத் தெரிவது. எங்கள் தோப்புப் பையனுக்குத் தெரிந்த அதே வித்தை.

இனி கதைக்கு வருவோம். 1795இல் மதுரையில் இருந்த இளம் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது! 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷே இதை எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். கிட்டத்தட்ட 90 மீட்டர்.

ஆறே வருடம். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. தப்பி வந்த ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் தந்தார்கள். கர்னல் அக்னியூ தலைமையில் கம்பெனிப் படை சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்தது. அதில் வெல்ஷும் இருந்தார்.

மருதுகளின் பலம் காளையார்கோயிலைச் சுற்றியிருந்த காடு. (இன்று அந்தப் பக்கம் பார்க்கும் சீமைக்கருவேலம் அல்ல. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது.) கம்பெனிப் படை என்ன செய்தது தெரியுமா? தோப்பில் நான் செய்ததையேதான். நேராக கோயிலைக் குறி வைத்தது. சிறுவயல் பக்கமிருந்து மரங்களை வெட்டி வெட்டி ஒரு சாலை போட ஆரம்பித்தார்கள். வெட்டுகிறவர்களை இரண்டு பக்கமும் காட்டுக்குள் இருந்து தாக்கினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே போனது. செப்டம்பர் தொடக்கத்தில் வேலையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். காடு ஜெயித்தது.

அங்கே வளரி மட்டுமே பறந்தது என்று சொல்ல மாட்டேன். மருது படையிடம் ஈட்டி இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. பாளையக்காரர் போர்களில் வளரிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது திவான் பதிவு செய்த செவிவழிச் செய்தி. ஆனால் எந்த ஆயுதமானாலும், சந்து தெரிந்தவன் கையில்தான் அது ஆயுதம். சந்து தெரியாதவனுக்கு மரத்தை வெட்டுவது தவிர வேறு வழி இல்லை.

பிறகு கம்பெனியும் பாடம் கற்றுக்கொண்டது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து, சீமை மக்களில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்தது. அக்டோபர் 1ஆம் தேதி பல திசைகளிலிருந்து படைகள் கிளம்பின. இந்த முறை காட்டை வெட்டவில்லை, காட்டுக்குள் வழி பார்த்தார்கள். காளையார்கோயில் அன்றே விழுந்தது. அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். (நம் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்.)

தனக்கு வளரி கற்றுக்கொடுத்தவரையே விலங்கைத் துரத்துவது போலத் துரத்தும் நிலை வந்ததையும், தொடை எலும்பு முறிந்து கைதியாக அவர் கிடந்ததையும் வெல்ஷ் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். வருத்தப்பட்டார், ஆனால் துரத்தவும் செய்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போருக்குப் பின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. நூறு வருடம் கழித்து புதுக்கோட்டை திவான் எழுதும்போது, எப்போதாவது முயல் வேட்டையில் பயன்படுவதோடு சரி, வளரியில் தேர்ந்தவர் யாரும் இப்போது இல்லை என்கிறார். பொருள் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை எறியத் தெரிந்த கைதான் போய்விட்டது. எப்படிச் சுழற்றுவது என்று எழுதி வைக்கலாம். எந்தச் சந்தில், எந்த உயரத்தில், எப்போது விடுவது என்பதை எப்படி எழுதுவது? அது கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். சின்ன மருது கற்றுக்கொடுத்த கைகளில், அதை எழுதி வைத்துவிட்டுப் போனது ஒரு வெள்ளைக்காரர் கை மட்டும்தான் என்பதுதான் வேதனை.

நேற்று மறுபடியும் தோப்புக்குப் போனோம். இந்த முறை வாளியைப் பார்க்கவில்லை, சந்தை மட்டும் பார்த்தேன். 9 எறிதல். பையன் வழக்கம்போல 6. "அண்ணா, நீங்க இன்னும் ரொம்ப வேகமா விடுறீங்க" என்றான். நாளையிலிருந்து அவனிடம்தான் டியூஷன்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி யாராவது வளரி எறிந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால், இப்போதே உட்கார்ந்து முழுசாகக் கேட்டு வையுங்கள்.