கோடாகிப் போன எழுத்துகள்

வன்னியில், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ, ஒரு சிறிய அச்சகத்துக்கு வழக்கமாக வரும் வேலைகளில் ஒன்று கல்வெட்டு. இறந்தவரின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருவோர் கையில் கொடுக்கப்படும் சிறு நூல் அது. தேவாரமும் இரங்கற் பாக்களும் நன்றி நவிலலும் இருந்தாலும் அதன் உயிர் வம்ச வரலாற்றில்தான் இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து முள்ளியவளைக்கோ தண்ணீரூற்றுக்கோ பரந்தனுக்கோ வந்து குடியேறினார், எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தார், எந்த ஆண்டு எங்கே இடம்பெயர்ந்தார் என்பதெல்லாம் அங்கே எழுதப்படுகின்றன. பல குடும்பங்களுக்கு எழுத்தில் இருக்கும் ஒரே வரலாறு அதுவே. இந்த நூலின் பகுதிகள் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து பிடிஎஃப் கோப்பாக வருகின்றன. அதை இன்டிசைன் என்ற பக்கமாக்கல் மென்பொருளின் பக்கத்தில் வைத்து, முழு நூலையும் மறுபடி பிடிஎஃப் ஆக எடுக்கும்போது எழுத்து உடைகிறது; சில இடங்களில் கட்டம் விழுகிறது, சில இடங்களில் தமிழ் போய் ஆங்கில எழுத்து வந்து நிற்கிறது. இந்தத் தொல்லைக்கு அச்சகங்கள் ஒரு மருந்து வைத்திருக்கின்றன. பக்கத்தைக் கெடாமல் காக்கும் அந்த மருந்துதான் எழுத்தை அழிக்கிறது என்பதே இங்கு சொல்ல வருவது. வன்னியைப் போலத் தாளைப் பலமுறை இழந்த நிலத்துக்கு அந்த அழிவு மற்ற இடங்களைவிடக் கனமானது.

வன்னியின் அச்சு வரலாறு நெடியதல்ல. யாழ்ப்பாணத்தில் 1830களிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் இயங்கியது. 1849இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தமது அச்சுக்கூடத்தை நிறுவினார். வன்னிக்கோ அச்சு வெளியிலிருந்துதான் வந்தது. இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு 1895இல் கொழும்பு அரசாங்க அச்சகத்தில் அச்சானது. நூறு ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் இறுதியில் நடந்த யாழ்ப்பாண இடப்பெயர்வு, மக்களோடு பத்திரிகைகளையும் வன்னிக்குக் கொண்டுவந்தது. 1990இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாதம் நாளேடும் வெளிச்சம் போன்ற இலக்கிய இதழ்களும் அதன் பின் வன்னியிலிருந்து வெளிவந்தன. மின்கம்பி இல்லாத நிலம் அது. பொருளாதாரத் தடைக்குள் எரிபொருளும் அச்சுத்தாளும் மையும் அரிதாகவே கிடைத்தன. ஜெனரேற்றர் ஓடும் நேரத்துக்குள் தட்டச்சும் பக்கமாக்கலும் முடியவேண்டும். இப்படிப்பட்ட சிறு அச்சகத்தின் வேலைமுறையில் பிடிஎஃப்புக்குத் தேவையே கிடையாது. பேஜ்மேக்கரில் பக்கத்தைக் கட்டி, லேசர் அச்சுப்பொறியில் மெல்லிய ட்ரேசிங் தாளில் எடுத்து, அதை வைத்து நேரே பிளேட் சுட்டுவிடலாம். தட்டச்சு செய்த கணினியே அச்சுக்கும் கொடுத்ததால் எழுத்துரு காணாமற்போகும் வாய்ப்பு இல்லை. எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று எவரும் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கவில்லை. தாளில் சரியாக விழுந்தால் அது சரியான எழுத்து.

கணினிக்குள் அது இருந்த விதம் வேறு. இலங்கைத் தமிழ் அச்சின் எழுத்துரு என்றால் அது பாமினி. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. விசை ஒழுங்கு ரெங்கநாதன் தட்டச்சு முறையைத் தழுவியது, தாளில் இடமிருந்து வலமாகத் தெரியும் வரிசையிலேயே அடிக்கவேண்டும், கொம்பு முன்னால் வரும். கிளிநொச்சி என்று அடிப்பவர் உண்மையில் அடிப்பது எஃப், பி, எஸ், பி, என், ஈ, எச், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி. கணினிக்குத் தெரிந்தது இந்தப் பதினொரு குறிகள் மட்டுமே. அவற்றுக்கு மேலே பாமினி என்ற உடுப்பைப் போர்த்தினால் கிளிநொச்சி, கழற்றினால் பொருளற்ற ஆங்கிலம். சிறிய எழுத்தில் கே என்றால் ம, பெரிய எழுத்தில் கே என்றால் மு. ஆகவே வேர்டில் பாமினி அடிப்பவர் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியை நிறுத்தாவிட்டால் வாக்கியத் தொடக்கத்தில் வரும் மரம் முரமாகும், கடல் குடலாகும். பிழைதிருத்துநர்கள் இந்த வகைப் பிழையைக் கண்டதுமே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் பாமினியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. விண்டோசும் பேஜ்மேக்கரும் தமிழை அறியாதிருந்த காலத்தில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஈழத்தில் கணினி அச்சே நடந்திராது.

சிக்கல் கோப்பு பயணம் செய்யத் தொடங்கியபோது வந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தது. இறுவட்டிலும் மின்னஞ்சலிலும் பக்கங்கள் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகக்கூடிய காலம் வந்தது. அடோபி 1993இல் வெளியிட்ட பிடிஎஃப் வடிவம் இதற்கென்றே பிறந்தது. எங்கே திறந்தாலும் பக்கம் அப்படியே தெரியவேண்டும் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் அந்த வாக்குறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கவேண்டும். பொதியாமல் விட்டால் திறக்கும் கணினி தன்னிடமுள்ள ஏதோ ஓர் ஆங்கில எழுத்துருவைப் போட்டு நிரப்பும். பாமினிப் பக்கம் அக்கணமே அலங்கோலமாகும். ஆங்கிலக் கோப்புக்கு இதே விபத்து நேர்ந்தால் எழுத்தின் அழகு மட்டும் மாறும், வாசிக்கலாம். தமிழ்க் கோப்பில் ஒரு சொல்லும் மிஞ்சாது. இதற்கு மேல் இன்னொரு கேடு. பாமினி என்ற பெயரில் பல பதிப்புகள் உலவின; சில உருவங்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறியிருந்தன. இரு இடங்களில் செய்த பிடிஎஃப் பக்கங்களை ஒரே நூலில் வைத்து வெளியே எடுக்கும்போது, ஒரே பெயருள்ள இரு எழுத்துருக்களை ஒன்றெனக் கருதிய பழைய கருவிகள் ஒன்றை வைத்து மற்றதன் எழுத்தையும் வரைந்தன. பக்கத்தில் வைத்த பிடிஎஃப்பை இன்டிசைனுக்குள் திருத்தவும் முடியாது. அது ஒட்டிய படம்போல மூடியே கிடக்கும். பிழை திரையில் தெரியாமல் பிளேட்டில் தெரிந்தால் தாளும் பிளேட்டும் நட்டம்.

ஆகவே மருந்து. பக்கத்தை வெளியே எடுக்கும் முன் எழுத்து முழுவதையும் அவுட்லைன் ஆக்கிவிடுவது. கோரல்ட்ரோ பாவிப்பவர்கள் கேர்வ் பண்ணுவது என்பார்கள். அத்தோடு எழுத்துரு தேவையில்லை, உடையவும் ஏதுமில்லை. ஒவ்வோர் எழுத்தும் வெறும் வளைகோடாகிவிடும். இன்னும் அவசரம் என்றால் பக்கத்தையே ஜேபெக் படமாக்கி அதைப் பிடிஎஃப்புக்குள் வைத்துவிடுவார்கள். அச்சில் மூன்று வழிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. எழுத்துருவைப் பொதிந்த கோப்பு, கோடாக்கிய கோப்பு, படமாக்கிய கோப்பு மூன்றும் ஒரே கல்வெட்டைத்தான் தரும். ஆனால் பின்னால் வருபவருக்கு மூன்றும் ஒன்றல்ல. பொதிந்த பாமினிக் கோப்பிலிருந்து நகலெடுத்தால் அந்தப் பொருளற்ற ஆங்கிலம் வருகிறதல்லவா, அதைக் குப்பை என்று தள்ளிவிடுகிறார்கள். அது குப்பையல்ல. சிறிய எஃப் என்றால் எப்போதும் க, சிறிய பி என்றால் எப்போதும் இகர விசிறி. ஓர் அட்டவணையும், கொம்பை இடம் மாற்றிவைக்கும் ஒரு விதியும் இருந்தால் ஆயிரம் பக்கத்தையும் சில நொடியில் யுனிகோட் தமிழாக மீட்கலாம். பாமினி மாற்றிகள் செய்வது இதைத்தான். கோடாக்கிய கோப்பில் மீட்க எதுவுமில்லை. அங்கே எழுத்து இருந்ததற்கான அடையாளமே கிடையாது, வரைந்த கோடுகள்தாம். உடையக்கூடிய கோப்பு எழுத்தைக் காத்தது, உடையாத கோப்பு அதைக் கொன்றது.

வன்னியில் இது ஏன் கனமானது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் போதும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2009இல் இறுதிப் போரில் வன்னியின் தாள் போனது. 2009இன் முதல் மாதங்களில் சுருங்கிக்கொண்டே போன நிலத்துக்குள் ஈழநாதம் இடம் மாறி மாறி அச்சாகியது. அதன் பணியாளர்கள் எறிகணையில் இறந்தார்கள். வீட்டுக்கு வீடு இருந்த பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகள், கல்வெட்டுகள் எல்லாம் பதுங்குகுழியிலும் தெருவோரத்திலும் கைவிடப்பட்டன. ஒரு நிலத்தின் தாள் இப்படிப் போனபின், அதற்கு வெளியே போய்ச் சேர்ந்திருந்த இறுவட்டும் மின்னஞ்சல் இணைப்புமே மூலமாகிவிடுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து அச்சைத் தேடித் தேடி மின்வருடிச் சேர்த்துவருகிறது, நினைவு மலர்களையும் விடவில்லை. அங்கே நிற்கும் ஒவ்வொரு பக்கமும் பெரும்பேறு. ஆனால் மின்வருடிய பக்கத்தில் கண்ணால் வாசிக்கலாமே தவிர, வற்றாப்பளை என்று ஒரு சொல்லைக் கொடுத்து எந்தெந்தக் கல்வெட்டில் அந்த ஊர் வருகிறது என்று கேட்க முடியாது. கணினியிலேயே பிறந்த ஒரு நூலை மீண்டும் தாளிலிருந்து ஒளிப்படமெடுத்து எழுத்தைத் தேடும் நிலை, அது கோடாக்கப்பட்ட நாளில் தொடங்கியது.

அச்சகம் இருப்பது அச்சிட, ஆவணம் காக்க அல்ல என்று அச்சகக்காரர் சொல்லலாம். அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் நூல் கட்டிக் கொடுக்கவேண்டியவரிடம் வருங்கால ஆய்வாளரைப் பற்றிப் பேசுவது அநியாயம் என்பதும் உண்மை. தடைக்காலத்து அச்சகங்களுக்கு அது இரட்டிப்பு உண்மை, அவர்கள் பக்கத்தைத் தாளில் கொண்டுவந்ததே சாதனை. ஆனால் கோடாக்குவது நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை. எழுத்துரு பொதிவதைக் கட்டாயமாக்கும் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ தரம் 2001இலிருந்து இருக்கிறது. இன்டிசைனில் அதைத் தேர்ந்தெடுப்பது ஒரு சொடுக்கு. பக்கத்தில் வைக்கும் பிடிஎஃப்புக்குள் எழுத்துரு பொதிந்திருக்கிறதா என்று அக்ரோபட்டின் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பொதியாதிருந்தால் அனுப்பியவரிடமே மூலக் கோப்பைக் கேட்கலாம். பழக்கம்தான் தடை. படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருள் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, டெசராக்டும் கூகுளும் தெளிவான தமிழ்ப் பக்கத்தை நன்றாகவே வாசிக்கின்றன. மறுபுறம் ஊடுருவித் தெரியும் மெல்லிய தாளில், மை குறைவாக இழுத்த அச்சில், இரு பத்திப் பெயர்ப்பட்டியலில் அவை தடுமாறும். கட்டுரையில் ஒரு சொல் பிழைத்தால் பொருள் ஊகிக்கலாம். வம்ச வரலாற்றில் ஒரு பெயர் பிழைத்தால் ஆள் மாறிவிடுவார்.

யுனிகோட் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டும், ஏனெனில் அது பாதி உண்மை. இலங்கைக்கான தமிழ்க் கணினித் தரம் 1326 என்ற எண்ணில் 2008இலேயே வந்துவிட்டது. ஆனால் அச்சகத்தின் கருவி அப்போது தயாராக இருக்கவில்லை. இன்டிசைனின் வழக்கமான பத்தி அமைப்பியில் (கம்போசர்) யுனிகோட் தமிழைக் கொட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்திய மொழிகளுக்கான அமைப்பி வெளிப்படையாகப் பயனருக்குக் கிடைத்தது 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான். பழைய பேஜ்மேக்கரோடு காலம் தள்ளிய அச்சகத்துக்கு அதுவும் எட்டவில்லை. எனவே கைப்பேசியில் யுனிகோடில் வரும் எழுத்தைப் பாமினிக்கு மாற்றி அச்சடிக்கும் வழக்கம் நிலைத்தது. எழுத்து முன்னோக்கி வந்து, அச்சுக்காகப் பின்னோக்கிப் போகிறது. யுனிகோடிலேயே அடித்துப் பிடிஎஃப் எடுத்தாலும் தொல்லை முழுதாகத் தீராது. பிடிஎஃப் எழுத்தை அல்ல, உருவங்களைப் பக்கத்தில் தெரியும் வரிசையில் எழுதிவைக்கிறது. அதனால் கொழும்பு என்பதை நகலெடுத்தால் கொம்பு முன்னால் துள்ளி வந்து சொல் குலைவதைப் பார்க்கலாம். இதற்கும் வடிவத்துக்குள்ளேயே பரிகாரம் உண்டு, ஆனால் எல்லா மென்பொருளும் அதைச் செய்வதில்லை. தமிழின் எழுத்து வரிசை கேட்கும் வேலையைத் தங்கள் கருவி செய்கிறதா என்று அச்சகமும் வாசகரும் கேட்டாலன்றி எவரும் திருத்தித் தரப்போவதில்லை.

ஆகவே பிடிஎஃப் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதே வன்னி அச்சின் அனுபவம் தரும் முடிவு. கல்வெட்டோ கோயில் மலரோ அச்சுக்குப் போகும் நாளில் மூன்றை ஒன்றாகக் குடும்பத்தின் கையில் கொடுக்கவேண்டும்: எழுத்துரு பொதிந்த பிடிஎஃப், வெறும் யுனிகோட் எழுத்தாக ஒரு கோப்பு, அச்சகம் பாவித்த அதே பாமினிப் பதிப்பு. கோடாக்கியே ஆகவேண்டிய அவசரம் வந்தால் கோடாக்கிய நகல் பிளேட்டுக்குப் போகட்டும், கோடாக்காதது சேமிப்பில் இருக்கட்டும். இவற்றில் எழுத்துக் கோப்பு மிகச் சிறியது. அறுபது பக்கக் கல்வெட்டு ஒன்றின் முழு எழுத்தும் அதன் அட்டைப்படத்தைவிடக் குறைந்த இடத்தையே பிடிக்கும். பழைய கணினிகள் இன்னும் அச்சகங்களின் மூலையில் இருக்கின்றன, வன்தட்டு ஓடும் வரைக்கும் அவற்றிலுள்ள பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கலாம். அந்த வேலையை அச்சகக்காரர் தனியே செய்யவேண்டியதில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, நூலகம் எண்ணிம நூலகத்தில் அவற்றை வாங்கிவைக்க இடம் இருக்கிறது. முதலில் எடுக்கவேண்டியவை 2009க்கு முன் வன்னியில் கட்டப்பட்டு வவுனியாவுக்கோ வெளிநாட்டுக்கோ போய்ச் சேர்ந்த பக்கங்கள். அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லாதிருக்கலாம்.