தடுமாறிய புழு காட்டிய வழி

நேராக ஊர இயலாத புழுக்களைத் தேடிச் சேர்த்தவர் சிட்னி பிரென்னர். கேம்பிரிட்ஜில் அவர் வளர்த்த 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்னும் உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. அவருடைய தோழர்கள் அதை ஆயிரக்கணக்கான நுண்சீவல்களாக அரிந்து, மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தனர். ஜான் வைட்டும் எயிலீன் சௌத்கேட்டும் ஒவ்வொரு நரம்பிழையையும் படம் படமாகப் பின்தொடர்ந்தனர். 302 நரம்பணுக்களின் இணைப்புப் படம் 1986-இல் வெளிவந்தது. அந்த அம்மையாரின் கண்களையும் பொறுமையையும் எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகிறது.

ஆயினும் படம் தெருக்களைக் காட்டுமேயன்றி, அவை போடப்பட்ட விதத்தைச் சொல்லாது. கருவில் வளரும் நரம்பிழை தன் திசையை எங்ஙனம் அறிகிறது? விடை தடுமாறிய புழுக்களிடமே இருந்தது. அன்க்-5, அன்க்-6, அன்க்-40 ஆகிய மரபணுக்கள் பழுதுற்றால் இழைகள் வழிதவறுவதை 1990-இல் ஹெட்ஜ்காக், குலோட்டி, ஹால் மூவரும் காட்டினர். அன்க்-6 ஆக்கும் புரதம் வயிற்றுப் புறத்திலிருந்து சுரக்கிறது; சில இழைகளை அழைக்கிறது, சிலவற்றை விலக்குகிறது. இதன் உறவுப் புரதம் 1994-இல் கோழிக்கருவின் மூளையில் கிடைத்தது. வழிநடத்துபவர் எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து அதற்கு 'நெட்ரின்' என்று பெயரிட்டனர்.

மனிதரிடத்தும் அது உண்டு. அதனை ஏற்கும் புரதத்தின் மரபணு பழுதுற்ற சிலருக்கு, ஒரு கை அசைந்தால் மறுகையும் தானாகவே அசைகிறது என்று 2010-இல் கண்டறிந்தனர்.