ஆச்சி வைத்த வேம்பு

திருநெல்வேலிக்கு வேணுவனம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. வேணு என்றால் மூங்கில். நெல்லையப்பர் கோயிலின் தல மரமும் மூங்கில்தான். சிற்றாறு விழும் குற்றாலத்தில் குறும்பலா. திருப்புடைமருதூருக்கு ஊர்ப் பெயரிலேயே மருதமரம் இருக்கிறது. மருது ஆற்றங்கரை ஈரத்தில் ஓங்கி வளர்வது. பலாவுக்கு மலையடிவாரத்துக் குளிர்ச்சி பிடிக்கும். அந்தந்த மண்ணில் நிற்கும் மரத்தையே நம் முன்னோர் சாமியாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. 1988-ல் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு முற்றத்தில் ஆச்சி வைத்த வேம்பு நின்றது. சருகு விழுகிறது, கூட்டி மாளவில்லை என்று அதை வெட்டிச் சிமெண்ட் தளம் போட்டேன். தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்தேன். "நிழலை வெட்டிட்டியேல" என்றாள் ஆச்சி. அதற்கப்புறம் மத்தியானத்தில் அவள் திண்ணையில் உட்காரவே இல்லை.

அழகுக்கென்று அயல் செடி வைப்பது என்னோடு தொடங்கியதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்ததுதான் உண்ணிச்செடி. அது தோட்டத்தைத் தாண்டி இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மண்டிக் கிடக்கிறது. வேலிக்கும் விறகுக்கும் என்று வந்த சீமைக் கருவேலம் நம் குளங்களைப் பிடித்துக்கொண்டதை நாமே கண்ணால் பார்த்தோம்.

திருப்புடைமருதூரில் ஊருக்குள் நிற்கும் மருது, இலுப்பை மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2005-ல் அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. அங்கே மரத்தடியில் நடந்தால் தலையில் எச்சம் விழும்; மீன் வாடை வீசும். ஊர்க்காரர்கள் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். நான் சருகைப் பொறுக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் ஆள் வைத்துத் தளத்தில் பாதியை உடைத்தேன். வேம்பு, பவளமல்லி, வேலியோரம் நொச்சி, ஆடாதோடை வைத்தேன். மருது வைக்கவும் ஆசைதான். ஆனால் அது பெருமரம். வீட்டுச் சுவர் ஓரத்துக்கு ஆகாது. முதல் இரண்டு கோடைக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது வேம்பு மாடி ஜன்னலை எட்டிவிட்டது. காலையில் சருகைக் கூட்டி மரத்தடியிலேயே போட்டுவிடுகிறேன். மத்தியானம் திண்ணையில் நிழல் விழுகிறது. உட்காரத்தான் ஆச்சி இல்லை.