தமிழ் எழுத்துக் குறியேற்றம்

கணினி கையாளும் பொருட்டுத் தமிழ் எழுத்துகளுக்கு எண்கள் வழங்கும் முறை. 1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி தரத்தில் ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு 128 இடங்களே இருந்தன. எட்டு பிட் முறையில் மேலும் 128 கிடைத்தும், தமிழின் 247 எழுத்துகளுக்கு அது போதவில்லை. 1980-களில் கனடா, மலேசியா முதலிய நாடுகளில் தமிழ் மென்பொருள்கள் தோன்றின. அவற்றுள் எது முதலாவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இணையம் பரவிய 1990-களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்வரிசை வைத்திருந்தது. ஒன்றில் எழுதிய மடல் மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கியதே திஸ்கி. ஆங்கிலத்தின் 128 இடங்களையும் தொடாமல், மேல்பாதியில் தமிழை அமைத்தனர். கு, கூ போன்ற உகர, ஊகார வடிவங்களுக்குத் தனி எண் கிடைத்தது; மற்ற உயிர்மெய்கள் பெரும்பாலும் கால், கொம்பு போன்ற குறிகள் சேர்ந்து உருவாயின. ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கையால் எழுதும் வரிசையிலேயே பதிவாகும். பலரும் தம் ஓய்வுநேரத்தில் செய்த இவ்வேலையின் நேர்த்தி குறிப்பிடத்தக்கது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டு, பின்னர் உலக மொழிகளுக்குப் பொதுவான குறியேற்றமாகிய ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1991-லேயே வெளிவந்துவிட்டது. இந்திய அரசின் இஸ்கி தரத்தைத் தழுவியதால் தேவநாகரியின் சாயல் அதில் தங்கிவிட்டது. க-வின் எண் பதினறும எண்முறையில் 0பி95, ங-வின் எண் 0பி99. இடையிலுள்ள மூன்று இடங்கள் தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்குரியவை, இன்றும் காலி. எண்வரிசைப்படியே அடுக்கினால் ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னே வரும். ஆகவே அகரவரிசைக்குத் தனி விதி வேண்டும். ‘கி’ ஒரே எழுத்தாயினும் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. இது குறையா, இந்திய எழுத்துமுறைக்கு இயல்பானதா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஆதரித்தபின் அதன் பயன்பாடு பெருகியது.

2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்16-ஐ மாற்றாகவும் அறிவித்தது. 2019-இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில், முந்திரி எனும் 320-இல் ஒரு பங்கு உட்பட, பழங்கணக்கில் வழங்கிய பின்னங்களும் குறியீடுகளுமாக 51 குறிகள் சேர்ந்தன.