தோட்டாவின் வேகத்தை அளந்த கதை

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். போன மாதம் சித்தப்பாவோடு அவருடைய ரைஃபிள் கிளப்புக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் புதிதாக வாங்கிய போர்ட்டபிள் குரோனோகிராஃபைச் சோதித்துக்கொண்டிருந்தார். தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி அது. டிரைபாட் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு அடி இடைவெளியில் இரண்டு ஒளி சென்சார்கள். தோட்டாவின் நிழல் முதல் சென்சாரில் பட்டதும் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் பட்டதும் நிற்கும். நடுவில் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு!

.22 தோட்டா டப்பாவில் நொடிக்கு 1070 அடி என்று அச்சடித்திருந்தது. ஐந்து முறை சுட்டார். 1031இலிருந்து 1062 வரை விதவிதமாக வந்ததே தவிர, 1070 ஒரு முறைகூட வரவில்லை. "ஏமாத்திட்டாங்களா சித்தப்பா?" என்றேன். "இல்லடா. அவங்க சுட்டுப் பார்த்த குழாய் வேற, இந்தக் குழாய் வேற. டப்பாவில இருக்கிறது அவங்க கணக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தும் ஒரு கேள்வி விடவில்லை. மில்லி செகண்டு காட்டும் கடிகாரம் இல்லாத காலத்தில் இதை எப்படி அளந்தார்கள்? தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இது.

ஐரோப்பாவுக்குப் பீரங்கி வந்து 400 வருஷம் ஆகியும் குண்டின் வேகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் பீரங்கிக் கலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருடைய யோசனை மிக எளிமையானது. தோட்டாவைத் துரத்த வேண்டாம், அதை எதிலாவது மோதவிட்டு, மோதப்பட்டது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதைச் சுட்டார். தோட்டா கட்டைக்குள் புதைந்துகொள்ளும், கட்டை மெதுவாகப் பின்னால் ஆடும். கட்டை தோட்டாவைப்போல 600 மடங்கு எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமும் ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கட்டையோடு சேர்ந்து இழுபடும் ஒரு ரிப்பனை வைத்து ஆட்டத்தை அளந்துவிடலாம். கடிகாரமே தேவையில்லை!

கிடைத்த விடை நொடிக்கு 1600, 1700 அடி என்ற அளவில் இருந்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. காற்றின் தடையைக் கண்டுகொள்ளாத அன்றைய பழைய கணக்கின்படி, 1700 அடி வேகத்தில் சாய்த்துச் சுட்டால் தோட்டா 17 மைல் போக வேண்டும். நிஜத்தில் மஸ்கெட் தோட்டா ஒரு மைல்கூடப் போவதில்லை. மீதி 16 மைலைக் காற்று தின்றுவிட்டது. வேகத்தை அளக்காதவரை இந்தத் தப்பு தெரியவே வழியில்லை. ராபின்ஸுக்கு 1746இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் அந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமாக விளக்கம் எழுதினார்.

அடுத்த பாய்ச்சல் மின்சாரத்தால் வந்தது. 1860களில் லெ பூலாஞ்ஜே என்ற பெல்ஜிய ராணுவ அதிகாரி ஒரு கருவி செய்தார. தோட்டா முதல் கம்பியை அறுத்ததும் மின்காந்தம் ஒரு நீளத் தண்டைக் கீழே விழவிடும். இரண்டாவது கம்பி அறுந்ததும் இன்னொரு எடை விழுந்து ஒரு கத்தியைத் தட்டிவிடும். விழுந்துகொண்டிருக்கும் தண்டில் கத்தி ஒரு வெட்டுப் போடும். வெட்டு எவ்வளவு மேலே விழுந்திருக்கிறதோ அதிலிருந்து நேரத்தைக் கணக்கிடலாம். அருமையான கருவிதான், ஆனால் ராணுவச் சோதனைக்கூடத்துக்கே உரியது.

எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகுதான் அது சாதாரண ஆள் கைக்கு வந்தது. அமெரிக்காவில் கென் ஓலர் என்ற பொறியாளர் விற்ற 35பி மாடலில் மூன்று சென்சார்கள். ஒரே தோட்டாவை இரண்டு விதமாக அளந்து இரண்டும் டேலி ஆகிறதா என்று கருவியே பார்த்துக்கொள்ளும். நம் ஆடிட்டிங் பாடம் மாதிரியே இல்லை? 2023இல் கார்மின் வெளியிட்டது உள்ளங்கை அளவு ராடார். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

கடைசியாக என்னை ஆச்சரியப்படுத்திய செய்தி. கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு எடுத்தது. 1750இல் வந்து சேர்ந்தவர், 1751 ஜூலையில் 44 வயதில் காலமானார். எங்கே தெரியுமா? நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில்! அந்தக் கோட்டையையும் 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்கள்.

கடலூர் பக்கம் போனால் தேவனாம்பட்டினத்தில் மிச்சமிருக்கும் சுவர்களைப் பாருங்கள். டப்பாவில் அச்சடித்ததை அப்படியே நம்பாமல் கட்டையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்த ஒரு மனுஷர் அங்கேதான் கண்ணை மூடினார்.