அழைப்பும் அபிஷேகமும்: லுத்தரன் சபையில் போதகரைத் தெரிந்தெடுக்கும் முறை

லுத்தரன் திருச்சபையில் போதக ஊழியத்துக்குரிய ஆதாரம் 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் உள்ளது. நற்செய்தியைப் போதிக்கவும் ஞானஸ்நானமும் நற்கருணையும் வழங்கவும் தேவனே இவ்வூழியத்தை ஏற்படுத்தினார் என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. முறையாக அழைக்கப்படாத எவரும் திருச்சபையில் வெளிப்படையாகப் போதிக்கலாகாது என்கிறது 14-ஆம் பிரிவு. வரமும் கல்வியும் பக்தியும் நிறைந்திருந்தாலும், அழைப்பு இல்லாதவர் பலிபீடத்தின் முன் நிற்பதில்லை.

அழைக்கும் அதிகாரம் யாருக்குரியது என்ற வினா சீர்திருத்தத்தின் தொடக்க நாட்களிலேயே எழுந்தது. சாக்சனி நாட்டின் லைஸ்னிக் ஊரில் போதகரை நியமிக்கும் உரிமை அருகிலிருந்த மடத்துக்கு இருந்தது. அவ்வூர்ச் சபையார் தங்கள் போதகரைத் தாங்களே தெரிந்துகொள்ள முற்பட்டபோது, அவர்களுக்கு ஆதரவாக லுத்தர் 1523-இல் ஒரு சிறுநூல் எழுதினார். போதனையை நிதானிக்கவும், போதகரை அழைக்கவும், தவறுவோரை நீக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டென்பதை அவர் வேதத்தைக் கொண்டே நிறுவினார். 1537-இல் லுத்தரின் உடனூழியர் மெலாங்க்தன் போப்பின் அதிகாரம் பற்றி எழுதிய பிரபந்தமும் அழைத்தல், தெரிந்தெடுத்தல், அபிஷேகம் செய்தல் ஆகிய மூன்றையும் திருச்சபையின் உரிமையாகவே கூறுகிறது.

இதற்கு வேதாகமச் சான்றுகள் பல. அப்போஸ்தலர் 1:23-26-இல் யூதாசின் இடத்துக்கு இருவரை நிறுத்தி, ஜெபித்து, சீட்டுப்போட்டு மத்தியாவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 13:2-3-இல் அந்தியோகியா சபை உபவாசித்திருக்கையில் ஆவியானவர் பர்னபாவையும் சவுலையும் பிரித்தெடுக்கச் சொல்கிறார். தீத்து 1:5-இல் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தும் பொறுப்பைப் பவுல் தீத்துவிடம் ஒப்படைக்கிறார். எல்லாவற்றிலும் தெளிவானது அப்போஸ்தலர் 6:1-6. பந்தி விசாரணைக்கான ஏழு பேரைத் தெரிந்துகொண்டது சபை. அவர்கள்மேல் கைகளை வைத்தவர்கள் அப்போஸ்தலர்கள். லுத்தரன் ஒழுங்குமுறை முழுவதும் இந்த ஓரதிகாரத்துக்குள் அடங்கிவிடும். சபையின் தெரிவும் திருச்சபையின் கைவைப்பும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடாது.

தமிழருக்கு இந்த ஒழுங்கு தரங்கம்பாடி வழியாக வந்தது. 1706 ஜூலை 9-இல் கரையிறங்கிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, முந்தைய ஆண்டில் கோபன்ஹேகனில் அபிஷேகம் பெற்று வந்தவர்கள். 1718-இல் சீகன்பால்கின் கையால் ஞானஸ்நானம் பெற்ற கடலூர் ஆறுமுகம், ஆரோன் என்ற பெயருடன் உபதேசியாராகப் பல்லாண்டு உழைத்தார். 1733 டிசம்பர் 28-இல் தரங்கம்பாடியில் அவர் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியருள் முதல் புராட்டஸ்டண்ட் குரு ஒரு தமிழர் என்பது உலகெங்கும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர் நன்றியோடு நினைக்கவேண்டிய சிறப்பு. அவருக்குப் பின் 1741-இல் தியோகு என்பவரும் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆரோன் ஐயர் 1745-இல் மறைந்தார்.

ஆயினும் அந்நாளிலேயே ஒரு குறை புகுந்தது. தஞ்சை மன்னரின் படையில் போர்வீரராக இருந்து உபதேசியாரான ராஜநாயக்கனின் ஊழியம் ஆரோனுடையதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால், பிறர் அவர் கையால் நற்கருணை பெறத் தயங்குவர் என்று அஞ்சி அவருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது. எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்னும் கலாத்தியர் 3:28-ஐப் பிரசங்கித்த சபை அதைத் தன் அழைப்பில் கைக்கொள்ளவில்லை.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919 ஜனவரி 14-இல் உருவானது. 1956-இல் ராஜா பி. மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். அங்கே போதகர்கள் திருச்சபைத் தலைமையால் நியமிக்கப்பட்டு, சேகரம் விட்டுச் சேகரம் மாற்றப்படுகிறார்கள். அம்முறையில் வளர்ந்து கனடாவின் டொரொன்டோ நகருக்கு வந்த தமிழருக்கு இங்குள்ள வழக்கம் புதிது.

டொரொன்டோவின் லுத்தரன் வரலாறு 1851-இல் ஜெர்மன் மொழியினர் தொடங்கிய முதல் லுத்தரன் சபையிலிருந்து வருகிறது. பாண்ட் தெருவில் அது இன்றும் உள்ளது. 1986 முதல் இயங்கும் கனடா சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் இந்நகரம் கிழக்குச் சினாடு என்னும் மண்டலத்துக்குரியது. போதகர் பதவி காலியானதும் சபை பேராயருக்கு அறிவிக்கிறது; இடைக்காலப் போதகர் பொறுப்பேற்கிறார். சபையார் அமைக்கும் அழைப்புக் குழு சபையின் நிலையையும் தேவையையும் எழுதிவைத்து, பேராயர் பரிந்துரைப்பவர்களைச் சந்தித்துப் பேசுகிறது. இறுதியில் சபைக் கூட்டம் வாக்களித்து அழைப்புக் கடிதம் அனுப்புகிறது. அழைக்கப்பட்டவர் ஜெபத்தோடு அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம், மறுப்பது அவமதிப்பாகாது. 2001-இல் வாட்டர்லூவில் ஆங்கிலிக்கன் திருச்சபையோடு முழு ஐக்கியம் ஏற்பட்டபின், அச்சபையின் குருமாரும் லுத்தரன் சபைகளில் பணியாற்ற வழியுண்டு. பேராயர் துணைநிற்க, முடிவு சபையாரிடம் இருக்கும் இம்முறை லைஸ்னிக் ஊரார் கேட்ட உரிமைக்கு மிக அண்மையில் நிற்கிறது.

ஆர்கன் வாசிப்பவர், அலுவலகச் செயலர், ஆலயத்தைப் பேணுபவர் ஆகியோரை நிர்வாகக் குழு சம்பளத்துக்கு அமர்த்துகிறது. போதகரைப்போல் சபையின் வாக்கெடுப்பால் அழைக்கப்படாவிட்டாலும் அவர்களுடையதும் ஊழியமே.

டொரொன்டோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், வாட்டர்லூவில், 1911-இல் தொடங்கிய லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. வீட்டிலும் சபையிலும் வரம் பெற்ற பிள்ளைகளை, ஆண் பெண் என்று பாராமல் அங்கே அனுப்பத் தமிழ்ப் பெற்றோர் முன்வரவேண்டும். அழைக்கும் உரிமை பெற்ற சபை, அழைக்கப்படுவோரையும் தன்னிடமிருந்தே தரவேண்டும்.