சறுக்கில் நட்டுக்கும் முடி, டிராலியில் 'சுளீர்' ஷாக்... ஒயரே இல்லாம கரண்ட் எப்படி வருது?

பார்க்கில் பிளாஸ்டிக் சறுக்கில் இறங்கி வரும் குழந்தையின் தலைமுடி முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கிட்டு நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அதே வேகத்தில் ஓடி வந்து அப்பா கையைத் தொட்டால் ரெண்டு பேருக்கும் 'சுளீர்'! இதுதான் நிலை மின்சாரம்.

இரண்டு பொருட்கள் உரசிப் பிரியும்போது ஒன்றில் இருக்கும் எலக்ட்ரான்கள் இன்னொன்றுக்குத் தாவும். வெளியேற வழி கிடைக்கும் வரை அந்த மின்னூட்டம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முடியிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

எங்கெல்லாம் விளையாடலாம்?

ஹோட்டலில் கை கழுவும் குழாயை நூல் மாதிரி திறந்துவிட்டு, தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பை பக்கத்தில் கொண்டு போங்க. தண்ணீர் வளைந்து சீப்பை நோக்கி வரும். தலையில் தேய்த்த பலூன் ஏசி ஹால் சுவரில் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளிக்கொண்டே போய் இரும்பு ரேக்கைத் தொட்டால் ஷாக் அடிப்பதும் இந்த வகைதான்.

இந்த விளையாட்டுக்கு வயசு ரொம்ப அதிகம். 1730-ல் ஸ்டீபன் கிரே என்பவர் லண்டனில் ஒரு சிறுவனைக் கயிறுகளில் படுத்த வாக்கில் தொங்கவிட்டு, தேய்த்த கண்ணாடிக் குழாயால் மின்னூட்டம் ஏற்றினார். கீழே இருந்த மெல்லிய பித்தளைத் துணுக்குகள் சிறுவனின் முகத்தை நோக்கிப் பறந்தன. (இன்று செய்தால் கேஸ் ஆகிவிடும்.)

சென்னைவாசிகளுக்கு ஒரு ஏமாற்றம். காற்றில் ஈரம் அதிகமானால் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும். ஏசி அறையிலும், டெல்லி மாதிரி ஊர்களின் வறண்ட குளிர்காலத்திலும்தான் இது களைகட்டும்.

ஆபத்து இல்லையா?

ஷாக்கை நாம் உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். வீட்டு கரண்டே 230 வோல்ட்தான்! ஆனாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. பாய்வது மிகக் கொஞ்சம், அதுவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகள் என்றால் மட்டும் கவனம். பழைய மாடல்களின் புரோகிராமை இது பாதிக்கலாம் என்பதால், பிளாஸ்டிக் சறுக்கில் ஏறும் முன் வெளிக்கருவியைக் கழற்றச் சொல்வது வழக்கம்.

விளையாடவே கூடாத இடம் ஒன்று உண்டு: பெட்ரோல் பங்க். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள 0.2 மில்லிஜூல் அளவு ஆற்றலே போதும். 10,000 வோல்ட் ஏறிய உடம்பிலிருந்து தெறிக்கும் பொறியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். அமெரிக்காவில் இப்படி நடந்த பல தீ விபத்துகளில் கதை ஒன்றுதான். டிரைவரே பெட்ரோல் போடத் தொடங்கி, நடுவில் காருக்குள் போய் உட்கார்ந்து, சீட்டில் உரசி எழுந்து வந்து நாசிலைத் தொட்டிருப்பார். நம்ம ஊரில் ஊழியரே போடுவதால் இந்தச் சிக்கல் குறைவு. செல்ஃப் சர்வீஸ் உள்ள வெளிநாடுகளில் இருப்பவர்கள் பெட்ரோல் ஏறி முடியும்வரை காருக்குள் போகாமல் இருப்பது நல்லது. போய்விட்டு வந்தால், நாசிலைத் தொடும் முன் டேங்க் வாயிலிருந்து தள்ளி, கார் கதவின் உலோகத்தைத் தொட்டுவிடுங்க. ஒருவேளை தீப்பிடித்தால் நாசிலை வெளியே இழுக்காதீங்க. அப்படியே விட்டுவிட்டு விலகி, ஊழியரிடம் சொல்லி பம்பை நிறுத்தச் சொல்லுங்க.